முன்னறை அரிசிக்கு ஒரு வெப்சைட்

காட்டுமன்னார்கோயில்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பவானிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், கரண்ட் மட்டும்தான் அடிக்கடி படுத்துக்கொள்கிறது. டொரொண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங்மா" என்று ஓடிவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் முன்னறையில் வைத்து விற்கும் பாரம்பரிய அரிசிக்கு வெப்சைட் போட்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆவணி முடிவதற்குள் ஒரு கல்யாண ஆர்டராவது வராவிட்டால் அறையை அப்பாவின் மில் தவிட்டு மூட்டைக்கே விட்டுவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன் இல்லையா? நாமே வெப்சைட் செய்துகொள்ள இடம் தரும் கம்பெனிகளில் நான் முதலில் பிடித்தது, படத்தை இழுத்து இழுத்து ஒட்டுகிற வகை. பார்க்க அவ்வளவு அழகு! தூயமல்லிக்கு எவ்வளவு தண்ணீர், கிச்சிலிச் சம்பா எதற்கு நல்லது என்று ஒவ்வொன்றாய் எழுதி முடித்து பப்ளிஷ் அமுக்கப் போனால் உங்கப்பா, "ஆடில போய் யாராவது புதுசா தொடங்குவாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்று கையைப் பிடித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன், புத்தி! ஆவணி பிறந்து திறந்து பார்த்தால் இலவசமாய்ப் பழகும் காலம் முடிந்து, நான் எழுதியதெல்லாம் போயே போச்சு. அன்றைக்கு அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் இந்தக் கம்பெனிகள் எப்படித்தான் நடக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் தீருகிறவரை சோறு இறங்காதே. பஸ் ஸ்டாண்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் லூர்துசாமியைக் குடைந்தெடுத்தேன். விலையைப் போனிலேயே மாற்றலாமா, தமிழ் எழுத்து ஒழுங்காய் வருமா, பிடிக்காமல் போனால் எழுதினதை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா என்று கேட்டேன். "கடைசியா கேட்டீங்களே, அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா" என்று தலையைச் சொறிந்தார். அவர் காட்டிய ஒன்றில் தமிழ் எழுத்தின் கொம்பு தனியே, கால் தனியே நின்றது. நீ போனில் சொன்ன இன்னொரு கம்பெனியில் பட்டனைத் தேடியே ஒரு காலைப்பொழுது போனது, ஆனால் எழுதியதெல்லாம் ஒரே அமுக்கில் என் போனுக்கு வந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் மறுபடி எழுதி, இந்தத் தடவை யாரையும் நாள் கேட்காமல் பப்ளிஷ் செய்தேன். ராகு காலமாம், அப்பா பிறகு சொல்லித்தான் தெரியும்.

நேற்று கடலூரிலிருந்து கனகசபேசன் என்று ஒரு கல்யாண சமையல்காரர் கூப்பிட்டார். மில் நம்பரைத்தானே போட்டிருந்தேன், அப்பாதான் எடுத்தார். கிச்சிலிச் சம்பாவைப் பற்றி எழுதினவரிடம் பேச வேண்டும் என்றாராம். வெளியாளிடம் என்னை எப்போதும் "எங்க வீட்ல" என்றுதானே சொல்வார் உங்கப்பா? அன்றைக்கு, "இருங்க, ஓனர் பேசுவாங்க" என்று போனை என்னிடம் நீட்டினார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினேன் பாப்பா. மூன்று கல்யாணத்துக்கு அரிசி கேட்டிருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சும்மா சும்மா சண்டைக்கு நிற்காதே. இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே: அந்த வெப்சைட் பெயரை அவசரத்துக்கு உன் பேரில் பதிந்தாயே, அதை என் பேருக்கு மாற்றிக் கொடு.

அன்புடன் அம்மா,
உ. தமிழ்ச்செல்வி, ஓனர்.