திருச்சியிலிருந்து கொழும்புக்கு எத்தனை அவிழ்ப்பு

மச்சான்,

இன்று காலை கொழும்பிலிருந்து உன் மகள் பேச்சியின் கடிதம் வந்தது. உறையில் விமானத்தின் படம். பிரித்து நானே படித்தேன். ஆமாம், நானேதான்! என் வீட்டுக்கு வந்த மருமகள் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று, போகட்டும். அந்தச் சந்தோஷத்தில் உனக்கும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வண்டி ஓட்டிய காலத்தில் மைல் கணக்கு நமக்கு ஏது? கம்பத்தில் ஏலக்காய் மூட்டை ஏற்றினால், தேனி ரயிலடி போய்ச் சேரும்வரை மாட்டை எத்தனை முறை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறோமோ, அதுதான் தூரம். உத்தமபாளையம் ஓர் அவிழ்ப்பு. தேனி மூன்று.

பேச்சிக்குக் கொழும்புத் துணிக்கடை மாப்பிள்ளை வந்தபோது நீ முடியாது என்றுவிட்டாய். "மாமா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாக" என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். சின்னமனூரில் மாட்டை அவிழ்த்தபோது பேச்சை எடுத்தேன்.

"எனக்கு ஒன்னுன்னா எம்புள்ள எப்ப வந்து சேரும்? ரயிலு, கப்பலு, திரும்ப ரயிலு. அதுக்குள்ள என்னைய எடுத்துட்டுப் போயிருவீக" என்றாய்.

"திருச்சிக்கும் கொழும்புக்கும் தபால் விமானம் பறக்குது, மச்சான்."

"எத்தனை அவிழ்ப்பு?"

"ஒன்னே ஒன்னு. நாம கம்பத்துல பூட்டி உத்தமபாளையத்துல அவுக்குறதுக்குள்ள அது கொழும்புல எறங்கிரும்."

"புளுகாத மாப்ளே. நடுக்கடல்ல தண்ணி எங்கன காட்டுவாக? அங்கன கெடக்குறது பூராம் உப்புத் தண்ணியில்ல?"

"அது என்ன றெக்கை மொளைச்ச மாடா? திருச்சியிலயே எண்ணெயக் குடிச்சிட்டுத்தான் கெளம்பும்."

மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு வண்டியைப் பூட்டினாய். அந்த வாரமே வெற்றிலை மாற்றினாய். விமானம் பறக்கிறது என்று ரயிலடியில் யாரோ பேசியது மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது. நேரத்தை நானாகக் கட்டிச் சொன்னேன்.

போன தையில் நீ போய்விட்டாய். தந்தி கொடுத்தோம். நம்மவர்கள் ஏறக்கூடிய வண்டியா விமானம்? ரயிலும் கப்பலுமாக, ஐந்தாம் நாள்தான் பேச்சி வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே கூசினேன். எழுத வந்ததும் என் முதல் கடிதத்தில் அந்தப் பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

அவள் எழுதியிருக்கிறாள்: "மாமா, அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். ரயிலேற்றும்போது என்னிடம் சொன்னார், 'உன் மாமன் புளுகுறான் ஆத்தா. அவனே இம்புட்டுப் புளுகுறான்னா, நீ அங்கன நல்லா இருப்பேன்னு அவனுக்குத் தோணியிருக்கு. போயிட்டு வா.' இன்னொன்று மாமா. இவர் தபாலாபீசில் விசாரித்தார். திருச்சியிலிருந்து விமானம் இங்கே வர இரண்டு மணி நேரம்தானாம்."

இரண்டு மணி நேரம், மச்சான்! நம் வண்டி உத்தமபாளையம் போகிற நேரம்! விரல் வைத்து நாலு தடவை படித்தேன். சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். நான் சொன்ன பொய் பொய்யே இல்லை. அது உனக்குத் தெரியாமலே போயிற்று.

என் பேச்சை நம்பாமல், என்னை நம்பிப் பெண்ணை அனுப்பினாய். இனி எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போவேன்.