செத்த பெட்டிகளுக்கு ஓர் உயிர்ச் சான்று

11 ஜூன் 2024, செவ்வாய்

காலையில் தனிஸ்லாஸ் அண்ணன் போன் செய்தார். பெரியப்பா மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரி ஏழைப் பள்ளிகளுக்குப் பழைய கணினி அனுப்பும் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறார். விடுமுறைக்கு வந்திருக்கிறார். இரண்டாவது கன்டெய்னர் அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வருகிறதாம்.

"போன வருசம் நீ போட்ட மாதிரியே ஒரு நியூஸ் போட்டுடுறா அந்துவான். அத எங்க ஊரு மேரில ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க. மேயரே கேட்டாரு."

முப்பத்தொரு வருடம் நிருபனாக எழுதியதில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது இது ஒன்றுதான். அதுவும் ஓர் அயலூர் நகராட்சி அலுவலகச் சுவரில்; பிரெஞ்சில் அதுதான் மேரி.

12 ஜூன்

பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். 9 மார்ச் 2023. "212 கணினிகள், அனைத்தும் நல்ல நிலையில்." யார் சொன்னது? அண்ணன் சொன்னது. ஆதாரமாக மூலக்குளம் பள்ளியின் நன்றிக் கடிதத்தையும் காட்டினார். நான் ஒன்றையாவது போட்டுப் பார்த்தேனா? சால்வை போர்த்தினார்கள். லட்டு கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்தேன்.

14 ஜூன், வெள்ளி

மூலக்குளம் பள்ளி. தலைமை ஆசிரியை ஸ்டெல்லாமேரி கணினி அறையைத் திறந்துவிட்டார். இருபது மேசை, ஒரு கணினி.

"போட்டோ எடுக்கவா வந்தீங்க? எத சார் எடுப்பீங்க?"

இருக்கும் ஒன்றிலும் விசைகள் பிரெஞ்சு வரிசை. பிள்ளைகள் வழக்கமான இடத்தில் ஏ-யை அழுத்தினால் திரையில் க்யூ விழுகிறது. மற்ற பத்தொன்பதும் வந்த நாளிலேயே எரியவில்லை. பழுது பார்த்துத் தருகிறோம் என்று சங்கத்து ஆட்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அப்புறம் ஏன் நன்றிக் கடிதம் குடுத்தீங்க?"

"அவங்களே டைப் பண்ணி எடுத்துட்டு வந்தாங்க. நம்மள மதிச்சு வந்திருக்காங்களேன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்க ஏன் சார் எழுதுனீங்க?"

கடித நகலை வாங்கிப் பார்த்தேன். பெட்டிகள் வருவதற்கு நான்கு நாள் முந்திய தேதி. பெறாத பொருளுக்கு நன்றி. இந்த ஊரில் இதற்குப் பெயர் மரியாதை.

17 ஜூன், திங்கள்

வண்டி போன இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. முத்தியால்பேட்டையில் விமல்ராஜின் காயலான் கடை. பின்பக்கம் தகரக் கொட்டகை, ஆள் உயரத்துக்குக் குவியல். ஒரு மானிட்டரின் முதுகில் அண்ணன் ஊர் நகராட்சியின் ஒட்டுச்சீட்டு கிழியாமல் இருந்தது. ஒட்டுவதை ஒழுங்காக ஒட்டுகிறார்கள்.

விமல்ராஜ் எதையும் மறைக்கவில்லை. "ஸ்கூலுக்குப் போறது போட்டோவுக்கு சார். மறுவாரம் எல்லாம் நம்ம கிட்டதான். ஒயர கொளுத்தினா செம்பு, போர்ட ஆசிட்ல போட்டா தங்கம்."

ஆசிட் வேலைக்குக் கண்ணகி. காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பம். முன்பு மீன் விற்றவள். கையுறை இல்லை. தொட்டியிலிருந்து மஞ்சளாக எழும் புகைக்குச் சேலைத் தலைப்பு. மீன் வியாபாரத்தை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

"இங்க நெழல்ல வேலைன்னு வந்தேன். இப்ப திரும்பிப் போவ முடியாது. மூக்கு செத்துப்போச்சு சார். நாறுன மீனும் ஒண்ணுதான், நல்ல மீனும் ஒண்ணுதான். அத வச்சிக்கினு என்னாத்த விக்கிறது?"

புகையை விட்டு விலகினால் மூக்கு திரும்பலாம், இன்னும் ஒரு வருடம் இதிலேயே இருந்தால் திரும்பாது என்றாராம் டாக்டர். அடுத்த லோடு வருவதால் ஆளை விடமாட்டேன் என்கிறான் விமல்ராஜ்.

19 ஜூன்

அண்ணனைப் பார்த்தேன். உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்று. ஆளை நேரில் பார்த்துத்தான் முத்திரை குத்துகிறார்கள்.

கண்ணகியின் மூக்கைப் பற்றிச் சொன்னேன். முகம் சுளித்தார். அவளுக்காக அல்ல, நான் அந்தப் பேச்சை எடுத்ததற்காக.

"அங்க ஒரு பொட்டிய ஒடைக்கணும்னா ஆயிரத்தெட்டு சட்டம்டா. இங்க அனுப்புனா நாலு பேருக்குப் பொழப்பாவது ஆவுது."

"அப்போ தானம்னு ஏன் எழுதுறீங்க?"

"நான் எங்கடா எழுதுனேன்? நீதான் எழுதுன. கஸ்டம்ஸ் ஃபைல்ல மொத பேப்பரே உன் நியூஸுதான்."

சரிதான். ஆளைப் பார்க்காமலே உயிர்ச் சான்று கொடுத்தவன் நான். 212 பிணங்களுக்கு. ச்சீ. லட்டுக்காடா எழுதுன?

20 ஜூன்

பத்திரிகை ஆசிரியர் புருஷோத்தமன், என்னைவிட இருபது வயது சின்னவர். "சார், திருத்தம் போட்டா நம்ம பழைய நியூஸ் பொய்யின்னு ஆயிடுமே?"

"ஆவணும். அதுக்குத்தான் போடுறோம்."

"தனிஸ்லாஸ் சார் உங்க அண்ணனாச்சே."

"அதையும் சேத்துப் போடுங்க."

22 ஜூன், சனி

வந்துவிட்டது. நாலாம் பக்கம், மனைப்பிரிவு விளம்பரத்துக்குக் கீழே. எழுத்தைப் பொடியாக்கியிருக்கிறார்கள். பரவாயில்லை, என் பெயர் தெரிகிறது. "212 கணினிகளில் ஒன்றைக்கூட நான் இயக்கிப் பார்க்கவில்லை." ஒரு பிரதி துறைமுகக் கஸ்டம்ஸுக்குப் பதிவுத் தபாலில் போயிற்று.

23 ஜூன்

சர்ச் பூசையில் அண்ணன் வீட்டார் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். காற்று நன்றாக வந்தது.

24 ஜூலை

கஸ்டம்ஸ்காரர்கள் கன்டெய்னரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் குழாய் டிவி. எந்தப் பள்ளி குழாய் டிவி கேட்டது? இறக்க அனுமதி இல்லை.

விமல்ராஜ் கொட்டகையை மூடிவிட்டான். கண்ணகி அலுவலகத்துக்கே வந்தாள். "எழுதிட்டீங்க. நல்லது. இப்ப மூக்கும் இல்ல, வேலையும் இல்ல. நான் என்னா பண்றது, அதையும் எழுதுங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

12 செப்டம்பர்

கன்டெய்னர் பிரான்சுக்குத் திரும்பவில்லை. சங்கம் பயனாளியின் பெயரை மாற்றிவிட்டது. இப்போது மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகம், ஏதோ ஓர் ஏழைப் பள்ளி. அங்கேயும் ஒரு நிருபன் இருப்பான். அவனுக்கும் ஏதாவது தின்னக் கொடுப்பார்கள்.

6 அக்டோபர், ஞாயிறு

காலாப்பட்டுச் சாலையோரம் கண்ணகி மறுபடி மீன்கூடை வைத்திருக்கிறாள். செவுளைப் பிரித்து நிறம் பார்த்துத்தான் எடுக்கிறாளாம். ஒரு கொடுவா வாங்கிவந்தேன். நறுக்கும்போதே நாற்றம் தெரிந்தது. கொல்லையில் புதைத்தேன்.

மீன் எப்படி என்று கேட்டால் நன்றாக இருந்தது என்று சொல்லலாம். எனக்குப் பழக்கமான வாக்கியம்தான்.

7 அக்டோபர்

போய்ச் சொன்னேன். கூடையை ஈரச் சாக்கால் மூடினாள்.

"மத்தவங்க யாரும் சொல்லல சார். திரும்ப வராம போயிட்டாங்க. அவ்ளோதான்." பிறகு, "காலைல மீன் ஏலம் ஆறு மணிக்கு. உங்களுக்குத்தான் மூக்கு இருக்குதே" என்றாள்.

8 அக்டோபர், செவ்வாய்

ஐந்தே கால் பஸ். ஏலம் முடிந்து அவள் கூடையில் முப்பத்திரண்டு மீன். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். மூன்றைத் தள்ளி வைத்தேன்.