தள்ளி நின்ற பிள்ளை

என் பிரியமான அப்பாவுக்கு,

போலீஸ்காரரிடம் நீங்கள் பொய் சொன்னீர்கள். அம்மா விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் விழுந்து செத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததாகச் சொன்னீர்கள். நான் மூட்டத்துக்குப் பத்தடி தள்ளி, மண் அள்ளிய சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது.

மூட்டத்துக்காரர் உங்கள் தோளில் கைபோட்டு வேலிக்கருவை நிழலுக்குக் கூட்டிப்போனதைப் பார்த்தேன். "பச்சப்புள்ள வேலைக்கு நின்னுச்சுன்னு தெரிஞ்சா கேஸு வேற மாதிரி போயிரும்ப்பா" என்றார். மறுநாளே வருகைப் பதிவேட்டில் நான் வந்ததாகத் திருத்திவிட்டார்கள். இல்லாத இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள், இருந்த இடத்திலிருந்து அழித்தார்கள். வீட்டுக்கு வந்து நீங்களும் சொன்னீர்கள்: "நீ அங்கெ இல்ல தாயி. ஒண்ணும் பாக்கல."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை நான். இல்லாமலே போனேன்.

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளியம்மா சாம்பிராணி போடுவார். சேலை அடுக்குகளுக்கு நடுவே புகை நுழையும்போது நான் மெல்லக் கழன்றுகொள்வேன். பஞ்சு மாதிரி மேலே போய்விடுவேன். கீழே என் கைகள் சேலை மடித்துக்கொண்டிருக்கும். வலியே இருக்காது, அதுதான் பயம். ஒருநாள் பஸ்ஸில் திருச்சுழிக்கு டிக்கெட் எடுத்தவள், அதைத் தாண்டி நரிக்குடியில் கண்டக்டர் அதட்டிய பிறகுதான் திரும்பி வந்தேன். "கண்ணத் தொறந்துக்கிட்டே ஒறங்குற ஆள இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்" என்றார்.

பேய் என்று அத்தை எலுமிச்சம்பழம் அறுத்தார். பேயை விரட்டத் தைரியம் இருந்தவர்களில் ஒருவருக்கும் மூட்டத்துக்காரர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

கடையில் என்னோடு நிற்கிற ஜெபா அக்காதான் மதுரையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ஊசி கிடையாது. வாரம் ஒருநாள், அதே நேரம், மனதில் எது வந்தாலும் சொல்ல வேண்டும். பல வாரம் வேலிக்கருவை முள்ளைப் பற்றியும், கண்மாயில் தண்ணீர் இல்லாததைப் பற்றியுமே பேசினேன். ஒருநாள், "அம்மாவுக்கு அந்தப் புள்ள மண்ணு எடுத்துக் குடுத்தா" என்றேன்.

"அந்தப் புள்ள யாரு?"

கோபம் வந்தது. இரண்டு வாரம் போகவில்லை. பிறகு போய்ச் சண்டை போட்டேன். "நீங்களும் எழுதி வச்சுக்கிட்டுத் திருத்தத்தான போறீக?" அவர் கோபப்படவில்லை. அந்தப் போலீஸ்காரர், வாத்தியார், நீங்கள், எல்லோரோடும் தன்னையும் சேர்த்துவிட்டேனா என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும், அதையும் பேசுவோம் என்றார். என்னிடம் அப்படி ஒருவர் கேட்டதே இல்லை, அப்பா.

போன வாரம் அந்தக் காலை தானாக வந்தது, கனவு நடந்து வருவதுபோல. விறகை அடுக்கி மண்ணால் மூடிய மூட்டம். மேலே ஒரு பொத்தல், அதிலிருந்து நூலாகப் புகை. அதை அடைக்க அம்மா ஏறுகிறாள். பாதி ஏறித் திரும்பிப் பார்க்கிறாள். "தள்ளி நில்லு தாயி." அவ்வளவுதான். மேல்மண் அம்மாவோடு உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா கேட்டார்: "இன்னமும் தள்ளித்தான் நிக்கிறீங்களோ?"

"நின்னேன்" என்றேன். இத்தனை வருடமும் 'அந்தப் புள்ள நின்னா' என்றுதான் எனக்குள் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் கடைசிச் சொல் எனக்குச் சொன்னது. நான் அங்கே இல்லையென்றால் அந்தச் சொல்லும் இல்லை. அதையுமா மூட்டத்துக்காரருக்கு எடுத்துக் கொடுத்தீர்கள்? பயந்தா சொன்னீர்கள், என்னைக் காப்பாற்றவா? கரித்தூசியில் இருமி இருமிக் கிடந்த கடைசி நாட்களில், இருமல் நின்ற இடைவெளியில்கூட ஒரு வார்த்தை வரவில்லையே?

சாம்பிராணிக்கு இன்னமும் கழன்றுதான் போகிறேன். ஆனால் சேலை நுனியை இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் சீக்கிரம் திரும்புகிறேன். வாரம் தவறாமல் மதுரைக்குப் போவேன். யார் கேட்டாலும் நான் நின்ற இடத்தைச் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடுவாரே, அதுபோல அந்த மூட்டத்தடியிலிருந்து ஒரே ஒரு தடவை என் பெயரைக் கூப்பிடுங்கள். 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும்.

கூப்பிடுங்கள், அப்பா.

அங்கே நின்ற உங்கள் மகள்,
முத்துமாரி