பதினான்காவது மாடிக்கு மேலே உன் அண்ணன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலம்தானே? நான் நலம். உன் அண்ணன் நலமா என்று கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போனில் சொன்னால் "சரி அண்ணி, பாக்கலாம் அண்ணி" என்று நழுவிவிடுவாய். காகிதத்தில் இருந்தால் உன் மனைவியும் படிப்பாள், நீ தப்பிக்க முடியாது.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். என் தையல் கடைக்குப் பக்கத்தில், முதல் மாடியில், நல்ல காற்றோட்டமான வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். உன் அண்ணன் அதன் ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இந்த ஐந்தாவது மாடி வீட்டைத்தான் பிடித்தார். லிப்ட் கிடையாது. ஊரிலுள்ள லிப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், பெண்டாட்டியைத் தினமும் எண்பத்தாறு படி ஏற வைக்கிறார். கேட்டால், "இந்த ரேடியோ அலை வளைஞ்சு போகாது, நேராத்தான் போகும். எவ்வளவு உயரத்துல நிக்கிறோமோ அவ்வளவு தூரம் கேக்கும்" என்று பாடம் எடுக்கிறார். உனக்குத் தெரியாததா? அண்ணனும் தம்பியும் சேர்ந்து உரிமம் வாங்கிப் பிடித்துக்கொண்ட ஹாம் ரேடியோ பைத்தியம்தானே இது!

குடிவந்த வாரமே துணி காயப்போடும் கம்பைக் காணோம். தேடினால் மொட்டைமாடியில் ஆன்டெனாவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஆன்டெனாக் கம்பியை அளக்கப் போன என் அளவு நாடா கை வைக்க முடியாதபடி பசையோடு திரும்பி வந்தது. இத்தனை செய்தும் ஐந்து மாடி அவருக்குப் போதவில்லை. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு குன்று மறைக்கிறதாம், இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எட்டு மாடிக் கட்டடம், பத்து மாடிக் கட்டடம் என்று ஏறிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பதினான்கு மாடி அலுவலகத்தைப் பிடித்தார். லிப்ட் மெக்கானிக்குக்கு எந்த மொட்டைமாடிக் கதவுதான் திறக்காது? ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "சர்வீஸ் இருக்கு" என்று கிளம்புவார். பெட்டிக்குள் ஒரு ஸ்பானர்கூட இருக்காது, ஒரு கையடக்க ரேடியோ செட் மட்டும் இருக்கும்.

யாரிடம் பேசப் போகிறார் என்று எனக்கு ஆறு மாதமாகத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டே, "தம்பிக்குச் சளி. தொண்டை கட்டியிருக்கு" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக உன் பேச்சையே எடுக்காதவர்! கிடுக்கிப்பிடி போட்டுக் கேட்டதும் வெளியே வந்தது. ஞாயிறு ஏழு மணிக்கு நீ ரேடியோவில் உங்கள் கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாயாமே, அதைக் கேட்கத்தான் இவ்வளவு ஏற்றமும். பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு மட்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போனில் கூப்பிட்டால் பத்து நொடி. அதற்கு அவர், "அது போன், இது ரேடியோ. காத்துல வர்றதைக் கேக்க எவன் தயவும் வேணாம்" என்கிறார். வீம்புக்கு ஓர் உயரம் வேண்டாமா?

உன் மேலும் தப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு உன் வீட்டு ஆன்டெனாவைத் திருப்பி வைக்க அவர் கம்பத்தில் ஏறியபோது, உன் நண்பர்கள் அத்தனை பேர் எதிரில், "வயசாச்சுண்ணே, உங்களால முடியாது, இறங்குங்க" என்றாய். அவர் கால் நடுங்கியதைப் பார்த்துப் பயந்துதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன தொனி அப்படி இல்லை, நண்பர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு இறங்கியவர் அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே இருக்கிறார்.

நேற்று ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். காலை ஆறரைக்கு அந்தக் கட்டடத்துக் காவலாளி போன் செய்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் தண்ணி டேங்க் மேல உக்காந்திருக்காரு. முட்டி பிடிச்சுக்கிச்சாம், இறங்க முடியலையாம்" என்றார். போட்டது போட்டபடி ஓடினேன். பதினான்கு மாடி வரை லிப்ட், அதற்கு மேல் இரும்பு ஏணி. ஐம்பத்து மூன்று வயதில் ஏணி ஏறினேன் தம்பி. தலை மேலே எட்டியதும் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்குகிறார்!

செட்டில் உன் குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. நீ ஒவ்வொருவராகக் கூப்பிட்டாய், எல்லோரும் பதில் சொன்னார்கள். கடைசியில், "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய். நான் இருபது வரை எண்ணினேன். அவர் கட்டைவிரல் பேசுகிற பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. "பேசுங்களேன்" என்றேன். "என்னைக் கூப்பிடலையே. பொதுவாத்தானே கேக்கறான்" என்றார். நீ மறுபடியும் கேட்டாய். மறுபடியும் இருபது எண்ணினேன். நானே பிடுங்கி அழுத்தியிருப்பேன், ஆனால் உரிமம் இல்லாதவர்கள் பேசக் கூடாதாம். நீ முடித்துக்கொண்டு போய்விட்டாய். "எதுக்கு ரெண்டு தடவை கேக்கறான்?" என்று கேட்டேன். "வழக்கம் ஒரு தடவைதான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் செட்டைத் துணியில் சுற்றினார். அந்த ஏணியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைக் கீழே இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. மருத்துவர் இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்றார். பாதி ஏணியில் முட்டி பிடித்தால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். உன் அண்ணன் அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து முட்டிக்கு உறையைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறுக்குத் தாங்குமா என்று எண்பத்தாறு படியிலும் ஒத்திகை பார்த்தார். அந்த அலுவலகத்து மொட்டைமாடிச் சாவியை ஒளித்து வைத்தேன், அவரிடம் இன்னொன்று இருக்கிறது. காவலாளியிடம் கெஞ்சினேன், அவரும் இவர் கட்சி. எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஆயுசுக்கும் முறுக்கிக்கொண்டு இருங்கள், ஆனால் தரையில் இருந்து செய்யுங்கள்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், வியாழனுக்குள் உன் கைக்கு வந்துவிடும். வரும் ஞாயிறும் அவர் ஏறத்தான் போகிறார், என்னால் தடுக்க முடியாது. அன்றைக்கு "வேற யாராவது" என்று கேட்காதே. அவருடைய கால் சைனை, அதுதான் உரிமத்தோடு அவருக்குத் தந்த அந்த ரேடியோப் பெயரை, சொல்லிக் கூப்பிடு. உனக்கு அது மறந்திருக்காது. கால் சைனைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தராமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கடைசிக்கு வைத்துக்கொள்ளாதே, எடுத்த எடுப்பிலேயே கூப்பிடு. அவரால் அதிக நேரம் மேலே உட்கார முடியாது.

பதில் வந்ததும் என்ன வேண்டுமானாலும் பேசு, சண்டைகூடப் போடு. முடிக்கும்போது மட்டும் "இறங்குங்கண்ணே" என்று சொல். மெதுவாகச் சொல். இந்த முறை இறங்கிவிடுவார். ஏணிக்குக் கீழே நான் நின்றுகொண்டிருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

அன்புடன்,
உன் அண்ணி