பத்துக்கு ஐந்து

மார்ச் 4

காய்கறிக் கடைக்காரர் இன்று கேட்டேவிட்டார். "தினமும் விலை கேக்குறீங்க, ஒரு தக்காளி வாங்க மாட்டேங்குறீங்க. என்னம்மா, ரெய்டா?"

பொருளியல் முதல் தாளுக்கு ஆய்வு என்றேன். தக்காளி விலை ஏறினால் ஜனங்கள் எவ்வளவு குறைத்து வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

"அத என்கிட்ட கேட்டா நானே சொல்வேனே" என்றார். நியாயம்தான்.

ஆறு கடை, இருபத்தெட்டு நாள். நான் கொண்டுவரும் எண்களை நாத்தனார் கட்டுரையாக எழுதுகிறாள். மாலை வகுப்பில் அவள்தான் என் ஜோடி.

மார்ச் 22

கட்டுரையைக் கொடுத்தாயிற்று. கூடவே ஒரு ரகசியப் படிவம்: ஜோடியின் உழைப்புக்குப் பத்துக்கு எத்தனை?

"நீங்களும் பத்து, நானும் பத்து. யோசிக்கவே வேணாம் அண்ணி" என்றாள். போன வருஷம் இதே தாளில் நான் கோட்டை விட்டது அவளுக்குத் தெரியும். இந்த முறையும் போனால் படிப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

பத்து போட்டேன்.

ஏப்ரல் 9

கட்டுரைக்கு நாற்பதுக்கு முப்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்திரண்டு. எனக்குப் பதினாறு.

விரிவுரையாளரிடம் போனேன். "ஜோடி போட்ட மார்க்க வச்சுத்தான் பிரிப்போம். உங்களுக்குப் பத்துக்கு அஞ்சு வந்திருக்கு. யார் போட்டாங்கன்னு நான் சொல்லக் கூடாது" என்றார். இரண்டே பேர் உள்ள குழுவில் அது என்ன ரகசியமோ.

பாஸாக மொத்தம் ஐம்பது வேண்டும். அறுபது மார்க் இறுதித் தேர்வில் இனி நான் முப்பத்து நான்கு எடுத்தாக வேண்டும். போன முறை எடுத்தது இருபத்தொன்பது.

ஏப்ரல் 10

வெயிலில் நாயாய் அலைந்ததற்கு ஐந்து. அடிப்பாவி.

ஏப்ரல் 12

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். மழுப்பினாள். அப்புறம் அழுதாள்.

"அண்ணன்தான் சொல்லிச்சு அண்ணி. ஃபெயிலானா நீங்களே விட்டுருவீங்க, வீடு பழையபடி ஆயிடும்னு. ரெண்டுதான் போடச் சொல்லிச்சு. மனசு கேக்காம அஞ்சு போட்டேன்."

மூன்று கூட்டிப் போட்டதற்கு நான் கும்பிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா? மாட்டிக்கிட்டா எதையாவது உளறுவா. காலேஜ்ல சேர உனக்கு ஃபார்ம் வாங்கிட்டு வந்ததே நான்தானே?"

வாங்கி வந்தது அவர்தான். யாரை நம்புவது? பதினான்கு வருஷம் கூட இருந்தவரையா, பத்து என்று சொல்லிவிட்டு ஐந்து போட்டவளையா? அவள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 25

விலை நெகிழ்ச்சிப் பாடம் மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் முறை படித்தேன். ஏறியது.

மே 6

தேர்வு. வாய்ப்புச் செலவுக் கேள்வி வந்தது: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுவது எது? நாலு பக்கம் எழுதித் தள்ளினேன்.

வெளியே "எப்படி எழுதினீங்க அண்ணி?" என்றாள். பஸ் வந்துவிட்டது என்று நடந்தேன். பஸ் எதுவும் வரவில்லை.

மே 28

முப்பத்தொன்பது. மொத்தம் ஐம்பத்தைந்து. பாஸ். அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், முகம் கழுவினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் "என்னாச்சு?" என்றார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை — இல்லை, தெரியும். "போயிடுச்சு" என்றேன்.

"அட, விடு. உன்னால முடிஞ்சதப் பண்ணினே." தோளைத் தட்டினார். எழுந்து போய் அவரே டீ போட்டார். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட அந்த அடுப்பைத் தொடாதவர். சர்க்கரை டப்பா எது என்று என்னைத்தான் கேட்டார். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கலக்கினார்.

டீ நன்றாகத்தான் இருந்தது. முழுவதும் குடித்தேன்.

இரண்டாம் ஆண்டில் சேர நாளைக்குக் கடைசி நாள். வேலைக்குப் போகும் வழியிலேயே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.