இடது முழங்கை

வானவடி, புனே
ஞாயிறு

அன்புள்ள ரமாவுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? போனில் சொல்லலாம் என்றால், இந்த முதியோர் இல்லத்து வார்டன் காது எப்போதும் போன் பக்கமே இருக்கும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் வீடியோவைப் பார்த்து, அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று டிக்கெட்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டாயாமே. கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

தினமும் காலையில் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். பயிற்சி தரும் வைஷாலி மராத்தியில் ‘உட்டா ஆஜி’, எழுந்திருங்கள் பாட்டி, என்றதும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். முடியாதவர்களை மாடிக்கு, படுக்கை வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போன யாரும் நடந்து இறங்கியதில்லை.

என் முழங்கால் எப்போதோ போய்விட்டது. இடது பக்கம் உட்காரும், தாபோடியிலிருந்து வந்த பவுன்தான் யாருக்கும் தெரியாமல் என் முழங்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். வாயாடி. டீச்சரம்மா, நீங்க மேல போயிட்டா நான் தமிழ்ல யார்கூட சண்ட போடறது என்று கேட்பாள்.

கடைசியில் குளியலறையில் விழுந்து அவள்தான் முதலில் மாடிக்குப் போனாள். போன மாதம், விழுந்த அன்று இரவே அங்கேயே போய்ச் சேர்ந்தாள். இறந்தவர் நாற்காலியில் காரியம் முடியும்வரை இங்கே யாரும் உட்காருவதில்லை. ஒரு சாமந்திப் பூவை வைத்து வட்டத்திலேயே விட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றோடு நானும் மாடிதான் என்று நினைத்தேன். வைஷாலி குரல் கொடுத்தாள். முழங்கைக்கு அடியில் கை வந்தது. கோடாலித் தைல வாசனையோடு, அதே சொரசொரப்பான கை. எழுந்து நின்றுவிட்டேன். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, ரமா. பயம் பிறகுதான் வந்தது. அன்று எடுத்ததுதான் உனக்கு வந்த வீடியோ. இன்னொரு முறை பார். என் இடது முழங்கை மட்டும் முதலில் உயரும்.

காரியம் முடிந்து நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கை மட்டும் வருகிறது. முன்பெல்லாம் நான் நின்றதும் விட்டுவிடும். இந்த வாரம் விடவில்லை. மெல்ல நடத்திக்கொண்டு மாடிப்படி வரை போனது. நேற்று படியே ஏறினேன். வாசல்படிக்கே சுவரைத் தேடுகிறவள் நான். எல்லோரும் கை தட்டினார்கள். வைஷாலி ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகுதான் பிடி தளர்ந்தது. அதையும் படம் பிடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் தள்ளிப்போடாதே.

பவுன் கெட்டவள் இல்லை. மேலே தமிழ் பேச ஆளில்லாமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நீ நீண்ட ஆயுளோடு இரு. சீக்கிரம் வா. வந்ததும் என் இடது பக்கம் உட்கார்ந்து, அந்தக் கை வருவதற்குள் என் முழங்கையை நீ பிடித்துக்கொள்.

உன் அம்மா,
வைஜயந்தி