ஆற்றுக் கிணற்றில் இறங்கிய மாமாவுக்கு

என் பாசத்துக்குரிய மாமா,

நீங்கள் பார்த்த பம்ப் ஆபரேட்டர் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஊரில் எல்லாரும் நல்ல சேதி என்கிறார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அக்காவைக் கட்டிய கையோடு என்னையும் திருப்பதிக்கு அழைத்து வந்து, சுவர்ணமுகி ஆற்றுக் கிணற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டவர் நீங்கள். நீங்கள் இறங்கிய அன்று பம்ப் ஓட்டும் முறை என்னுடையது. நகரிப் பக்கத்து நம் ஊர் ஆந்திராவா, மெட்ராஸா என்று கருத்துக் கேட்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நீ போய்க் கத்திட்டு வா மச்சான். மிஷின நான் பாத்துக்கினு இருக்கேன்" என்று சிரித்தீர்கள்.

நான் அங்கே மெட்ராஸ்தான் வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பொழுதில், இங்கே கிணற்றுக்குள் குழாய் வால்வு அடைத்துக்கொண்டது. நீங்கள் கயிற்றைப் பிடித்து இறங்கினீர்கள். உள்ளே தேங்கியிருந்த விஷக் காற்று உங்களை ஏறி வரவிடவில்லை.

எல்லை முடிவாகிவிட்டது மாமா. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நான் போய்க் கத்தி என்ன ஆயிற்று? போகாமல் இருந்திருந்தால் இறங்கியிருப்பவன் நான்தானே? உன்மேல் தப்பில்லை என்கிறார்கள். அப்படியானால் அக்கா முகத்தை ஏன் என்னால் பார்க்க முடியவில்லை?

அக்கா இப்போது நம் வடிகட்டித் தொட்டியில் மணல் கழுவும் வேலைக்கு வருகிறாள். முழங்கால் தண்ணீரில் நின்று அவள் கூடை அலசுவது என் ஜன்னலில் தெரியும். "ஊட்லயே இரு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "எத்தினி நாளைக்குடா பாப்ப? எனக்கும் கை கால் கீது" என்றாள்.

போன வாரம் அதே வால்வு மறுபடி அடைத்தது. குழாய்கள் வற்றிப்போய் ஜனங்கள் சத்தம் போடுவதாக ஓவர்சியர் ஓடி வந்தார். "ஊர்லோ நீள்ளு லேவய்யா! தண்ணி இல்லய்யா! சீக்கிரம் ஆள எறக்கு!"

கூலிக்காரர் ஒருவர் வேட்டியை இழுத்துக் கட்டிவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டேன். பாதிக் கிணறுகூடப் போகவில்லை, விஷக் காற்றில் அணைந்துவிட்டது.

"என் வேலை போனாலும் போவட்டும் சார். ஆள எறக்க மாட்டேன்."

ஓவர்சியர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிணற்றுக்குள் காற்றடிக்கும் மிஷினைக் கொண்டுவரப் போனார். அந்த மிஷின் வந்து, விளக்கு அடிவரை அணையாமல் எரிந்த பிறகுதான் அந்த மனிதர் இறங்கினார். அதுவரை ஊரே எங்களைத் திட்டியது. அவர் ஏறி வந்துவிட்டார் மாமா. உடம்பெல்லாம் சேறு, ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார்.

வேலையைப் போட்டுவிட்டு அக்காவும் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ஒருத்தரும் இந்த வெளக்க எறக்கலியேடா" என்றாள். குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தாள். கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழுந்திருப்பேன்.

நான் இந்த வேலையில் இருக்கும்வரை, விளக்கு அணைகிற கிணற்றில் ஒரு மனுஷனும் இறங்க மாட்டான். எனக்குப் பின்னால் வருகிறவனிடமும் சொல்லிவிட்டுத்தான் போவேன். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

என் முறைக்கு நீங்கள் நின்றதால் உயிரோடிருக்கும்,
உங்கள் மச்சான்
கோவிந்தன்